மறு: சாரா ஆரோன்சோன் – புறா மட்டுமா காட்டிக்கொடுத்தது?

அண்ணாச்சிக்கு வணக்கம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷாருக்காக உளவு பார்த்த யூதப் பெண் சாராவின் ஒற்றர் குழு ஒரே ஒரு புறாவால்தான் மாட்டியதா என்று கேட்டிருந்தீர்கள். பாதிதான் சரி.

அப்போது பாலஸ்தீனம் உதுமானியர் கையில். ஹைஃபாவுக்குத் தெற்கே அத்லித் கடலோரத்தில் சாராவின் அண்ணன் ஆரோன் நடத்திய வேளாண் ஆய்வுப் பண்ணைதான் ‘நிலி’ குழுவின் தளம். 1915-ல் வெட்டுக்கிளி ஒழிப்புப் பொறுப்பை உதுமானியத் தளபதி ஜெமால் பாஷாவே ஆரோனிடம் கொடுத்திருந்தார். ஊர் ஊராய்ப் போய்க் குறிப்பெடுக்க அதைவிட நல்ல சாக்கு ஏது! அந்த ஆண்டுக் கடைசியில் இஸ்தான்புல்லிலிருந்து ஊர் திரும்பிய சாரா, ஆர்மீனியர்கள் கொல்லப்படுவதை வழியிலேயே பார்த்தார். நாளை நம் யூதர்களுக்கும் இதே கதிதான் என்ற பயமே அவரை இதில் இறக்கியது. அண்ணன் பிரிட்டிஷ் கையிலிருந்த எகிப்துக்குப் போய்விட, 1917-ல் களப்பொறுப்பு 27 வயது சாராவிடம் வந்தது.

சிக்கல் தகவல் சேகரிப்பதில் இல்லை, அனுப்புவதில். பிரிட்டிஷ் கப்பல் இருட்டு இரவில்தான் கரையை நெருங்க முடியும். அலை உயர்ந்தால் படகு இறங்காது. வந்த கப்பல் அப்படியே திரும்பும். படை நகர்வுச் செய்தி அடுத்த கப்பலுக்குள் பழசாகிவிடும்.

அதனால்தான் புறா. ஆனால் அது ஒருவழித் தபால். தான் வளர்ந்த கூட்டுக்கு மட்டுமே திரும்பும். எகிப்தில் பழக்கிய புறாவைக் கூண்டோடு கப்பலில் கொண்டுவந்து, காலில் மெல்லிய தாளைக் கட்டி விட வேண்டும். நாள்கணக்கில் அடைத்துவைத்தால் இறக்கை வலு குறையும். அத்லித்திலிருந்து போர்ட் சையிது வரை எடுத்தாலே கிட்டத்தட்ட 300 கி.மீ. களைத்த புறா வேறு புறாக்களைக் கண்டால் அங்கேயே இறங்கும். செப்டம்பரில் நடந்தது இதுதான்: குழு அனுப்பிய ஒரு புறா, சுமார் 20 கி.மீ. தள்ளி, செசரியாவில் உதுமானிய அதிகாரி வளர்த்த புறாக்களோடு போய்ச் சேர்ந்தது. சங்கேத எழுத்தைப் படிப்பதற்கு முன்பே, கரையோரத்தில் ஒற்றர்கள் இருப்பது உறுதியாகிவிட்டது.

மீதிப் பாதி மனிதர் வழியாக வந்தது. அதே மாதம் சினாய் வழியாக எகிப்துக்குப் போக முயன்ற குழு உறுப்பினர் நாமான் பெல்கிண்ட் பிடிபட்டு, விசாரணையில் விவரங்கள் வெளிவந்தன. என் கணக்கில் பெரிய அடி இதுதான். புறா காட்டியது ஒரு குழு இருக்கிறது என்பதை. யார் யார் என்பதை அது சொல்லாது.

அக்டோபர் 1-ல் சாராவின் ஊரான சிக்ரோன் யாக்கோவ் சுற்றி வளைக்கப்பட்டது. அதற்கு முன்பே அவர் தப்பியிருக்கலாம். ஏப்ரலில் எகிப்துவரை போய் ஜூனில் திரும்பியவர்தான் சாரா. நாலு நாள் சித்திரவதையிலும் அவர் பேசவில்லை. நாசரேத்துக்குக் கொண்டுபோகுமுன் உடை மாற்ற வீட்டுக்குப் போக அனுமதி கேட்டார். அங்கே ஒளித்துவைத்த துப்பாக்கியால் 5-ஆம் தேதி தன்னையே சுட்டுக்கொண்டு, 9-ஆம் தேதி இறந்தார். அந்த மாதம் 31-ஆம் தேதி தெற்குப் பாலஸ்தீன நகரான பீர்ஷேபா பிரிட்டிஷ் கைக்குப் போனது.