இரவு 11 மணிக்கும் அனலடிக்கும் மாடி அறை: பெரிய ஏசியா, ஃபால்ஸ் சீலிங்கா?

கேள்வி: திருச்சி மாடிவீட்டுக்காரர்

வணக்கம். திருச்சியின் புறநகரில் நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டிய எங்கள் வீட்டின் மாடியில் இரண்டு படுக்கையறைகள் உள்ளன. அவற்றின் மேல் 5 அங்குலக் கான்கிரீட் தளமும் சிமெண்ட் பூச்சும் மட்டுமே இருக்கின்றன. கட்டும்போது பணம் போதாமல் தட்டோடு பதிப்பதைத் தள்ளிப்போட்டோம். பங்குனி முடிவதற்குள்ளாகவே இரவு 11 மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. வாசலில் நின்றால் ஓரளவு இதமாக இருக்கிறது, மாடிக்கு ஏறினால் இட்லிக் கொப்பரைக்குள் நுழைந்தது போல இருக்கிறது. 1.5 டன் ஏசியை 24இல் வைத்தாலும் நள்ளிரவு தாண்டிய பிறகே அறை குளிர்கிறது. தெற்கு ஜன்னல்களுக்குக் கனமான திரைச்சீலை போட்டும் மாற்றமில்லை. ஏசி கடைக்காரர் 2 டன் வாங்கச் சொல்கிறார், உள் அலங்காரம் செய்பவர் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்கிறார். இரண்டையும் செய்ய வசதியில்லை. எதை முதலில் செய்வது?

பதில் 1: மதுரை வாசகர்

நாங்கள் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். ஓரளவு குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அறையின் உயரம் குறைந்து மின்விசிறி தலைக்கு நெருக்கமாக வந்துவிட்டது.

பதில் 2: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

ஐயா, எதையும் வாங்குவதற்கு முன் வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிடுங்கள். இரவு 9 மணிக்கு ஒரு நாற்காலியில் ஏறி மேல்தளத்தின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு நான்கு சுவர்களையும் அதேபோலத் தொட்டுப் பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் இருந்தால், பல கருவிகளில் பொருள்களின் வெப்பத்தை அளக்கும் முறையும் இருக்கும், அதைப் பயன்படுத்தலாம்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது; அதன்பின் ஆகஸ்ட் பிற்பகுதி வரை அது வடக்கே சாய்ந்தே நிற்கும். ஆகவே கத்திரி வெயிலில் உங்கள் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுவதே இல்லை, திரைச்சீலைச் செலவு வீண். வெயில் முழுவதையும் வாங்குவது மொட்டை மாடிதான். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1 கிலோவாட் வெயில் விழும். 600 சதுர அடித் தளம் என்றால் 50 கிலோவாட்டுக்கு மேல். அதில் ஒரு பங்குதான் கீழே இறங்குகிறது என்றாலும், 1.5 டன் ஏசி வெளியேற்றக்கூடியது சுமார் 5 கிலோவாட், 2 டன் ஏசி வெளியேற்றுவது 7 கிலோவாட் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கான்கிரீட் அந்த வெப்பத்தைச் சில மணி நேரம் தன்னுள் வைத்திருந்து, வெளிக்காற்று தணிந்த பிறகு அறைக்குள் விடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றைத்தான் உங்கள் மேல் தள்ளுகிறது.

ஃபால்ஸ் சீலிங் தளத்தின் சூட்டை நம் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர, தளம் காய்வதை நிறுத்துவதில்லை. பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் வரும் தளத்தில் விரிசல் விட்டு, பின்னர் ஓதம் இறங்கினாலும் அது உடனே தெரியாது. தெர்மோகோலைத் தளத்தின் அடியில் ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது எளிதில் தீப்பற்றும். வெயிலை மேலேயே திருப்பி அனுப்புவதுதான் சரி. ஒரு படுக்கையறைக்கு மேல் மட்டும் வெள்ளையடித்து, மற்றதை அப்படியே விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 3: வேலூர் இல்லத்தரசி

பொறியாளர் ஐயா சொன்னதை நாங்கள் ஆண்டுதோறும் செய்கிறோம். சுண்ணாம்பை முதல்நாளே நீரில் ஊறவைத்து, வடிகட்டி, அதனுடன் கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்து, மாலையில் தளத்தைப் பெருக்கி நனைத்த பிறகு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். ஊறும்போது கொதிக்கும், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். முதல் மழையில் கரைந்து வருவது கிணற்றில் சேராதபடி மழைநீர் சேகரிப்புக் குழாயை முன்கூட்டியே கழற்றி வையுங்கள். நாங்கள் ஒருமுறை மறந்துவிட்டோம். நடுவில் தூசு படிந்தால் வெண்மை மங்கிப் பயன் குறைந்துவிடும், ஆகவே பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்டவர், பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு

கிழக்கு அறைக்கு மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்தேன். இரவு 9 மணிக்கு அளந்ததில், அதன் தளம் அடியில் 34 டிகிரி, மேற்கு அறையின் தளம் 39 டிகிரி. இரண்டாம் நாளே மனைவி படுக்கையைக் கிழக்கு அறைக்கு மாற்றிவிட்டார், அளவுகோல் அதுவே போதும். உடனே மேற்கு அறைக்கு மேலும் அடித்துவிட்டேன். அதன் தளமும் இப்போது குளிர்ந்துவிட்டது, ஆனால் அந்த அறை இன்னும் ஒத்துழைக்கவில்லை. இரவு 8 மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டால் சுடுகிறது. ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு இருக்கிறதே, அது ஏன் உதவவில்லை?

பதில் 4: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

மாலை 4 மணி வெயில் தாழ்ந்து, பக்கவாட்டில் வருகிறது. சன்ஷேடு தலைக்கு மேல் பிடித்த குடை. முகத்துக்கு நேரே வரும் வெயிலை அது எப்படித் தடுக்கும்? சுவருக்கு வெளியே ஓரடி இடைவெளி விட்டுப் பச்சை வலையோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். இடைவெளி முக்கியம், சுவரை ஒட்டிக் கட்டினால் தட்டியின் சூடும் சுவருக்கே போகும். உள்ளே போடும் திரைச்சீலை கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைத்தான் பிடிக்கிறது. தட்டி வெளியில் இருந்தால் கண்ணாடிக்கே வேலை குறையும்.

இன்னொன்று. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல், கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் இருக்கும், மேலே தேங்கும் சூட்டுக் காற்று அதன் வழியே போய்விடும். இன்றைக்கு அழகுக்காக அதை ஒழித்துவிட்டு, பாதி மட்டும் திறக்கும் தள்ளு ஜன்னல்களை வைத்துக்கொண்டு ஏசியைக் கட்டி அழுகிறோம். உங்களிடம் படிக்கட்டு மேலே மொட்டை மாடிக்குப் போகும் இடத்தில் கதவு இருக்குமல்லவா? அங்கே கம்பிவலைக் கதவு ஒன்று போட்டு, இரவு 7 மணிக்குமேல் வெளிக்காற்று உள்ளைவிடக் குளிர்ந்த பிறகு அதையும் கீழ் ஜன்னல்களையும் திறந்துவையுங்கள். காலை 9 மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். வெயிலில் காற்றோட்டம் வேண்டும் என்று நண்பகலில் திறந்து வைப்பது வெளி அனலை விருந்துக்கு அழைப்பதுதான்.

கேட்டவர்

மேற்கில் பச்சை வலை கட்டி ஒரு வாரம் ஆகிறது, படிக்கட்டுக் கதவையும் இரவில் திறந்து வைக்கிறோம். இப்போது ஏசியைப் படுக்கும்போது போட்டு, 2 மணிக்கு அணைத்துவிடுகிறோம். 2 டன் வாங்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் தளத்தின் வாட்டத்தைச் சரிசெய்து வெள்ளை டைல்ஸ் பதிக்கக் கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன். சேகரிப்புக் குழாயை இன்று காலைதான் கழற்றினேன், நினைவூட்டிய அம்மாவுக்கு நன்றி.