புதுப்பிப்பு: அப்பாவின் மாருதி 800, பெயின்ட் வேலை முடிந்தது

2,10,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு ஏற்காட்டில் வீட்டு வாசலிலேயே பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். "மலையில் அடிக்காதே தம்பி, ஈரம் கெடுத்துவிடும்" என்று சேலத்து அண்ணன் ஒருவர் எச்சரித்தார். அப்படியே நடந்தது.

பானெட்டில் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் பளபளப்புப் பூச்சு) காய்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பால் தெளித்த மாதிரி வெளுத்துப் போனது. பெயின்ட்டை நீர்க்கச் செய்யக் கலக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. ஒரு வாரம் காயவிட்டு, 800 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தேன். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் மாமா வீட்டு ஷெட். பத்து மணி வெயில் ஏறியதும், மெதுவாகக் காயும் தின்னர் கலந்து மெல்லிசாக மூன்று கோட் அடித்தேன். இப்போது முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு!

கதவுக்கு அடியில் துரு நினைத்ததைவிட அதிகம். பட்டி பூசி மறைக்க மனசு வரவில்லை. தகட்டை வெட்டி வெல்டிங் வைத்தோம். பழைய வெள்ளையே என்பதால் ஆர்.சி.யில் நிறம் மாற்றும் வேலை இல்லை.

ஹெட்லைட் மஞ்சள் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை தேய்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.