கடலோர மழைநீர் வடிகால்: கணக்கை முகத்துவாரத்தில் தொடங்குங்கள்

மட்டக்கோல்:
தெருவில் தண்ணீர் நின்றால் உடனே எழும் பேச்சு, 'வாய்க்காலை அகலப்படுத்து'. கடலோரத்தில் அது பல நேரம் வீண்செலவு. மேல்முனையில் தரைமட்டம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் +2.0 மீட்டர், அங்கே வடிகால் ஆழம் 1 மீட்டர், நீளம் 2 கிலோமீட்டர், சரிவு 1000-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்முனையில் அடிமட்டம் -1.0 ஆகிவிடும். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) +0.6-க்கு ஏறும்போது முகத்துவாரத்தில் 1.6 மீட்டர் கடல்நீர். அது உள்ளே 1,600 மீட்டர் வரை எதிரேறி நிற்கும். அகலத்தை இரட்டித்தால் இரண்டு மடங்கு கடல்நீர் உள்ளே வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஓத அட்டவணையின் உயரங்கள் கடல்வரைபட மட்டத்திலிருந்து, அதாவது மிகத் தாழ்ந்த ஓதத்தை ஒட்டிய மட்டத்திலிருந்து எண்ணப்படுபவை. நில அளவையின் மட்டங்கள் பெரும்பாலும் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இடைவெளியைக் கழிக்க மறந்தால் ஓதம் உண்மையைவிட உயரமாகத் தெரியும், தேவையற்ற பம்புக்குப் பணம் போகும். இரண்டு பேர் தனித்தனியே கழித்துவிட்டால் இன்னும் ஆபத்து: கடல்நீரைத் தடுக்கும் கதவு வேண்டிய வடிகால் வாய் திறந்தே கிடக்கும். வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும் எந்த மட்டம் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஓதமானி:
கதவு போட்டாலும் கேள்வி தீராது. கதவு மூடியிருக்கும்போது பெய்யும் மழை எங்கே போகும்? நாளுக்கு இரண்டு ஓதம் வரும் கரையில் உச்சத்துக்கு உச்சம் சுமார் 12 மணி 25 நிமிடம். உச்சத்தையொட்டி 3 மணி நேரம் வெளியேற வழியில்லை என்று கொண்டால், 20 ஹெக்டேரில் 60 மில்லிமீட்டர் மழை, அதில் 80 சதவீதம் ஓடிவந்தால் 9,600 கன மீட்டர். குளமோ தாழ்வான மைதானமோ அதைத் தாங்க வேண்டும், இல்லையேல் பம்ப்.

பம்ப் சம்பின் (பம்ப் இறைக்கத் தண்ணீர் சேரும் தொட்டியின்) அளவுக்கு எளிய கணக்கு: பம்பின் ஓட்டத்தை அது இரு முறை தொடங்குவதற்கிடையே உள்ள நேரத்தால் பெருக்கி நான்கால் வகுக்கவும். நொடிக்கு 0.5 கன மீட்டர் பம்ப், மணிக்கு 6 தொடக்கம் என்றால் 75 கன மீட்டர். சம்பைச் சிறிதாக்கினால் மோட்டார் ஓயாமல் நின்று நின்று ஓடி எரியும்.

தூர்வாரி:
ஃபிளாப் கேட், அதாவது கீலில் தொங்கி வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கதவு, கெடுவது கீலில், அல்லது விளிம்பில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில். பாட்டில் அளவு இடுக்கு போதும், ஓதம் முழுக்க உள்ளே வரும். முன்னால் குப்பைத் தடுப்புக் கம்பி, கதவைச் சுற்றி ஆள் இறங்கும் அறை, தாழ் ஓத நேரத்தில் மாதாந்திரச் சோதனை. ரப்பர் வாய் வால்வுக்கு (உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் மட்டும் விரியும் ரப்பர் வாய்) கீல் கிடையாது. ஆனால் வெளியே மணல் மேடிட்டால் அதுவும் திறக்காது.

கான்கிரீட்டில் ஒரு தவறான பழக்கம்: கடல்நீர் என்றதும் சல்ஃபேட் தாங்கும் சிமென்ட் கேட்பது. அது கடல் உப்பிலுள்ள குளோரைடைப் பிடித்துவைப்பதில் பலவீனம், கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். இரும்பு உலைக் கசடு கலந்த கசடுச் சிமென்ட் மேல். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் 50 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

மட்டக்கோல்:
பம்ப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. புயலன்று மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டரையும் சுவிட்ச் பலகையையும் வெள்ளமட்டத்துக்கு மேலே மேடை கட்டி வையுங்கள். டீசல் தொட்டியின் காற்றுக்குழாய் வாயும் அதே உயரத்துக்குப் போக வேண்டும்.