மறு: ப்ரூஃப் மார்க்குக்குத் தமிழ்: "தாங்குமுத்திரை" சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

இழை எங்கெங்கயோ போயிட்டு இருக்கு, நடுவுல சேர்ந்தவங்களுக்காக எதுக்கு இந்தச் சொல் வேணும்னு சுருக்கமா சொல்லிடுறேன். ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வச்சிருக்கற நண்பர் ஒருத்தர் வீட்ல தாத்தா காலத்து ரிவால்வர் ஒண்ணு இருக்கு, லைசென்ஸ் எல்லாம் ஒழுங்கா புதுப்பிச்சு வச்சிருக்காங்க, தேர்தல் வந்தா கொண்டுபோய் ஒப்படைச்சு ரசீது வாங்கிக்குவாங்க. இப்ப குடும்ப வரலாறு ஒண்ணு தமிழ்ல எழுதறாங்க, அதுல இந்த ரிவால்வருக்கு ஒரு பக்கம், எந்தக் கம்பெனி எந்தக் காலம்னு நான் எழுதித் தரணும். சுழல்துப்பாக்கி, குழல், உருளை, தோட்டா அறை, விசை, இதெல்லாம் பிரச்சினை இல்லாம உக்காந்துடுச்சு. ப்ரூஃப் மார்க், அதாவது வெடிச்சுச் சோதிச்சுப் பார்த்துட்டுத் துப்பாக்கி மேல அடிக்கற முத்திரை, அது மட்டும்தான் இழுத்துக்கிட்டு நிக்குது.

> சான்று முத்திரை போதுமே, எளிமையா இருக்கே.

எளிமையா இருக்குங்க ஐயா, ஆனா எதுக்குச் சான்று? கேக்கறவங்க உடனே தரச்சான்றுன்னு எடுத்துக்குவாங்க. நம்ம செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுல அடிக்கற ஹால்மார்க் மாதிரின்னு ஏற்கெனவே ஒருத்தர் இங்க எழுதிட்டார் பாருங்க, அங்கதான் வம்பு. ஹால்மார்க் வெள்ளி எவ்வளவு சுத்தம்னு சொல்லுது, கொலுசு அறுந்து போகாதுன்னு அது சொல்லாது. ப்ரூஃப் மார்க் நேர் எதிர். இரும்பு நல்லதா வேலைப்பாடு நல்லதா குறி தப்பாம சுடுமா, இதைப் பத்தியெல்லாம் அதுக்குக் கவலையே கிடையாது. வழக்கமா போடற வெடிமருந்தை விட பலமான மருந்தைப் போட்டு ப்ரூஃப் ஹவுஸ்ங்கற சோதனைக் கூடத்துல வெடிச்சுப் பார்ப்பாங்க, குழல் வெடிக்கலை, உப்பலை, விரிசல் விடலைன்னா முத்திரை அடிப்பாங்க, அவ்வளவுதான். பர்மிங்காம்ல 1813-ல சட்டம் போட்டு அமைச்ச ப்ரூஃப் ஹவுஸ் இன்னிக்கும் இதே வேலையைத்தான் பார்க்குது, லண்டன்ல அதுக்கும் முன்னாடியிருந்தே உண்டு.

> மெய்ப்பு முத்திரை? அச்சுத் தொழில்ல ப்ரூஃபுக்கு மெய்ப்புன்னுதானே வழங்குது.

அச்சுக்கு அது பொருத்தம், மூலத்தோட ஒத்துப் பார்க்கறது. துப்பாக்கியில எதோட எதை ஒத்துப் பார்க்க? அப்புறம் "நிறுவல் முத்திரை"ன்னு சொன்ன தம்பி கணக்கு வாத்தியாரா இருக்கணும் :) ஆங்கிலத்துல ஒரே சொல்லை அச்சுக்கும் கணக்குக்கும் கோர்ட்டுக்கும் துப்பாக்கிக்கும் போடறாங்கன்னு நாமளும் ஒரே சொல்லைப் போட்டே தீரணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை, மழைக்கோட்டு வாட்டர்ப்ரூஃபுக்கு நீர்புகான்னுதான சொல்றோம்.

> ஆய்வு முத்திரை / அடையாள முத்திரை

அடையாள முத்திரை வேண்டவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்துல 8-வது பிரிவு அடையாளக் குறியைப் பத்தினது, தயாரிச்சவர் பேர், நம்பர் இதெல்லாம் அதுல வரும், அதை அழிக்கறதோ மாத்தறதோ குற்றம். (இதைப் படிக்கற யாராவது வீட்ல பழசு இருக்குன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடாதீங்க, சட்டப் பிரச்சினை ஒரு பக்கம், காலம் கண்டுபிடிக்கற வழியே அதோட போயிடும்.) ஆய்வு முத்திரை வேணாங்கறதுக்கு வேற காரணம் இருக்கு. 1904-ல வந்த பர்மிங்காம் முத்திரைகளைப் பாருங்க, கிரீடம் போட்டு அதுக்குக் கீழ பி.வி., இன்னொண்ணு பி.பி., இன்னொண்ணு என்.பி. பி.வி.ல இருக்கற வி கண்ணால பார்த்து ஆராய்ஞ்சதுக்கு, பி.பி. கரிமருந்துல வெடிச்சுத் தாங்கினதுக்கு, என்.பி. புகையில்லா மருந்துல தாங்கினதுக்கு. பார்த்ததுக்குத் தனி முத்திரை, தாங்கினதுக்குத் தனி முத்திரைன்னு அவங்களே பிரிச்சு வச்சிருக்கும்போது நாம ரெண்டையும் ஆய்வுன்னு ஒரே பையில போட்டா அப்புறம் பி.வி.க்கு என்ன சொல்லுவீங்க?

அதனாலதான் என் முன்மொழிவு தாங்குமுத்திரை. அந்தச் சோதனைக்குத் தாங்குசோதனை, அது நடக்கற இடத்துக்குத் தாங்குசோதனைக் கூடம். "தாங்குமா?"ன்னு கேக்காத பட்டறை எந்த ஊர்ல இருக்கு, பாலத்துல லாரி போனா தாங்குமா, கயிறு தாங்குமா, அதே தாங்குதல்தான் இது. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு வித்த விக்டரி மாடல் 38 ரிவால்வர்கள்ல குழல் மேல 3½ டன்னுன்னு அழுத்தத்தையே அடிச்சு வச்சிருப்பாங்க, எவ்வளவு தாங்கும்னு முத்திரையே கணக்கு சொல்லுது, இதுக்கு மேல என்ன வேணும்.

இப்ப அந்த ஏற்காட்டு ரிவால்வருக்கு வர்றேன், சொல் சரியா இல்லைன்னா எப்படிக் காலமே தப்பாகும்னு அதுலதான் தெரியும். வீட்ல எல்லாரும் அதை பர்மிங்காம் கம்பெனியான வெப்லியோடதுன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, நம்ம ஊர்ல பழைய ரிவால்வர் எதுவா இருந்தாலும் வெப்லிதான். பட்டாளத்து வெப்லிகள் 1887-ல வந்த முதல் மார்க்ல (மாடலுக்கு அவங்க வச்ச பேர்) இருந்து 1915-ல வந்த ஆறாவது மார்க் வரைக்கும் நடுவுல மடங்கித் திறக்கற ஜாதி, மடக்குக் கத்தி மாதிரி குழல் கீழ சாயும். இது அப்படி இல்லை. இடது பக்கம் ஒரு சின்னக் குமிழ், முன்னாடி தள்ளினா உருளை இடது பக்கமா வெளிய வருது. பின்னாடி இழுத்தாத்தான் வரும்னா கோல்ட், முன்னாடி தள்ளினா ஸ்மித் அண்டு வெஸன், ரெண்டும் அமெரிக்கக் கம்பெனி, இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலையை முடிச்சிடும். உடம்புல எஸ்ஸும் டபிள்யூவும் பின்னிக்கிட்ட சின்னம் தேய்ஞ்சு போயும் தெரியுது, குழல்ல 32 லாங்னு தோட்டா வகை இருக்கு.

குழல் மேல்பக்கம் நீளவாக்குல பொடி எழுத்துல மூணு தேதி, கடைசித் தேதி 1914 டிசம்பர் 29. அதைப் பார்த்துட்டுத்தான் குடும்பத்துல "தாத்தா வாங்கினது முதல் உலகப்போர் துப்பாக்கி"ன்னு பேச்சு. அது காப்புரிமைத் தேதி, செஞ்ச தேதி கிடையாது, அதே தேதியைப் பிற்பாடும் வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆக 1914-க்கு முன்னாடி இல்லைன்னு மட்டும்தான் அது சொல்லும். பிடிக்கு அடியில இருக்கற நம்பரும் உருளையோட பின்முகத்துல இருக்கற நம்பரும் குழலுக்குக் கீழ இருக்கறதும் ஒண்ணாவே இருக்கு, அதனால உறுப்பு எதையும் மாத்தலைன்னு நம்பலாம்.

அடுத்துதான் நம்ம ஆளு, ப்ரூஃப் மார்க். லென்ஸ் வச்சுப் பார்த்தா உருளையில ஒவ்வொரு அறைக்கும் நேரா ஒரு குட்டிக் கிரீடமும் எழுத்தும், ஆறு அறைக்கும் ஆறு, ஒண்ணு ரெண்டு சாய்ஞ்சு விழுந்திருக்கு, கையால அடிச்சது தெரியுது. குழல்லயும் இருக்கு. பக்கத்துல "நாட் இங்கிலிஷ் மேக்"னு ஒரு வரி. 1925-ல வந்த ப்ரூஃப் விதிகளுக்கு அப்புறம் வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கிலாந்துல அடிச்ச வாசகம் இது. அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுல செஞ்ச சரக்கு இங்கிலாந்து போய் அங்க சோதனை முடிச்சு நம்ம மலைக்கு வந்திருக்கு. இன்னொரு பக்கம், உருளையைத் திறந்தா உடம்புல தெரியற இடத்துல மாடல் நம்பர் ஏதும் இல்லை, அந்தக் கம்பெனி மாடல் நம்பர் அடிக்க ஆரம்பிச்சது 1957-ல, அதனால அதுக்கு முந்தினது. துல்லியமா வேணும்னா பிடிக்கு அடியில இருக்கற நம்பரைக் கொடுத்துக் கேட்டா அந்தக் கம்பெனியோட வரலாற்று அமைப்பு பழைய ஏட்டைப் பார்த்து எப்ப அனுப்பினதுன்னு கடிதம் தரும், கட்டணம் உண்டு, நண்பர் எழுதறேன்னு சொல்லியிருக்கார்.

இங்க கவனிங்க. அந்த முத்திரை 1925-க்கு அப்புறம் இங்கிலாந்துல சோதிச்சாங்கன்னுதான் சொல்லுது, 1925-க்கு அப்புறம் செஞ்சாங்கன்னு சொல்லலை. முன்னாடியே செஞ்சு பின்னாடி கப்பல் ஏறியிருக்கலாம். "உற்பத்தி முத்திரை"ன்னு நேத்து ஒருத்தர் எழுதினதை அப்படியே அந்தப் பக்கத்துல போட்டிருந்தா படிக்கறவங்க பர்மிங்காம்ல செஞ்ச துப்பாக்கின்னு முடிவு பண்ணி மறுபடி வெப்லிகிட்டயே போய் நின்னிருப்பாங்க.

> தாங்குமுத்திரை கொச்சையா இருக்கு, உறுதிப்பாட்டு முத்திரைன்னா கம்பீரமா இருக்கும்.

கம்பீரம் இருக்கட்டுங்க அம்மா, பட விளக்கத்துல ஒரு வரிக்குள்ள அடங்கணும். தவிர "உறுதி" அரசாங்கக் கடிதத்துல கன்ஃபர்ம் பண்றதுக்குப் போயிடுச்சு. தாங்கு நல்ல வினையடி, தாங்குதிறன்னு பொறியியல் நூல்கள்ல ஏற்கெனவே ஓடிட்டுத்தான் இருக்கு, இலக்கணப்படி வினைத்தொகை, ஒற்று மிகாது, "தாங்குமுத்திரை"ன்னு சேர்த்தே எழுதலாம். முத்திரை தானே எதையோ தாங்கற மாதிரி அர்த்தம் வருதேன்னு யாராவது கேப்பீங்க, சுடுகாடுன்னா காடு போய் யாரையும் சுடலையே.

பி.வி.க்குப் பார்வைமுத்திரைன்னு போட்டுக்கறேன், அதுல யாருக்கும் ஆட்சேபணை வரலை. என்.பி.க்கு புகையில்மருந்துத் தாங்குமுத்திரைன்னா வாய் வலிக்குது, நைட்ரோ தாங்குமுத்திரைன்னே விட்டுடலாமான்னு வேதியியல் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா நல்லது, திங்கள் அன்னிக்கு நண்பர் அச்சகத்துக்குக் கொடுக்கறார்.

ஹாமருக்கு சுத்தியல்னு ஒருத்தர் ஆரம்பிச்சிருக்கீங்க. துப்பாக்கியோட அந்த உறுப்புக்குக் குதிரைன்னு அகராதியிலயே இருக்கு, அதைக் கிளப்பணும்னா தயவுசெஞ்சு தனி இழை போடுங்க, இதுல கலக்க வேண்டாம்.

சேலத்திலிருந்து,
அன்புடன்