கல்வெட்டை ஸ்கேன் செய்ய உதவி வேண்டும்

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் அடுத்த மாதம் திருப்பணி தொடங்குகிறது, அதற்குள் அதிட்டானத்தில் (கோயிலின் கல் அடிப்பீடம்) உள்ள கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவிட அலைகிறோம். போன தடவை அடித்த சுண்ணாம்பிலேயே தொடக்கச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ'க்கு அப்புறம் பாதி வரி போய்விட்டது! ஐபோன் லைடாரில் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) சுவர் வந்தது, எழுத்து வரவில்லை. அவ்வளவு மெல்லிய வெட்டு அதற்குப் பிடிபடாது. சரி என்று கேமராவில், ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் 70 சதவீதமாவது வருகிற மாதிரி 340 படம் எடுத்து படங்களை முப்பரிமாண மாடலாக்கும் மெஷ்ரூம் மென்பொருளில் போட்டால், என்விடியா கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் லேப்டாப் பாதியில் நின்றுவிட்டது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நல்ல கணினி வைத்திருப்பவர்கள் ஒரு ராத்திரி ஓட்டித் தர முடியுமா? அப்புறம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கருங்கல் ஃபிளாஷில் பளபளக்கிறது, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து தெரிகிறது ஆனால் படத்துக்குப் படம் நிழல் மாறுகிறது. என்ன செய்வீர்கள்?