வெந்நீர் ஊற்றிவிட்டேன், ரத்தக் கறை இனிப் போகுமா?

மூக்குத்திப்பூ:
நேற்று ராத்திரி தூக்கத்திலேயே மகனுக்கு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. பையன் நன்றாக இருக்கிறான், மருத்துவரிடமும் காட்டியாயிற்று. அதனால் அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம், என் கேள்வி துணியைப் பற்றித்தான்.

மூன்று இடத்தில் கறை. முதலாவது, வெள்ளைப் பருத்தித் தலையணை உறை. பதற்றத்தில் அதை வாளியில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிவிட்டேன். சிவப்பாக இருந்தது இப்போது பழுப்பாகி, அச்சுக் குத்தியது மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது, மெத்தை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. மூன்றாவது, என்னுடைய நீலக் கம்பளிச் சால்வை. இருட்டில் கைக்குக் கிடைத்ததை எடுத்து அவன் மூக்கில் வைத்தேன், விளக்கைப் போட்டுப் பார்த்தால் அது! இன்னும் தண்ணீரே காட்டவில்லை, காய்ந்து மொரமொரவென்று இருக்கிறது.

காயம் துடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டில் ஒன்று வீட்டில் இருக்கிறது, 3% என்று போட்டிருக்கிறது. மூன்றிலும் ஊற்றிவிடலாமா?

வெயில்காலம்:
பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள், வெள்ளைத் துணிக்கு அதை விட்டால் வேறு இல்லை. அம்மோனியா கலந்த கிளீனர் இருந்தால் அதையும் ஒரு மூடி விடுங்கள், இன்னும் சீக்கிரம் போகும்.

துவைகல்:
அம்மா, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோராமின் என்ற விஷ வாயு வரும். கதவு சாத்திய குளியலறையில் அதைச் செய்தால் துணியை விட்டுவிட்டு உங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். வெயில்காலம் தப்பாக நினைக்க வேண்டாம், நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் பிளீச் தனியாகவும் இதற்கு ஆகாது. ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. பிளீச் பட்டால் அது துருப் பிடித்த மஞ்சளாகத் துணியிலேயே தங்கிவிடலாம்.

நான் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் 14 வருடம் வேலை பார்த்தவன். சேர்ந்த முதல் மாதம் நீங்கள் செய்த அதே காரியத்தை நானும் செய்தேன், என்ன, நான் செய்தது மொத்த அளவில். ரத்தம் பட்ட விரிப்புகளை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி விட்டுத்தான் சூடு ஏற்ற வேண்டும். நான் அந்தச் சுற்றைத் தாண்டி நேராகச் சூட்டுக்குப் போகும் பொத்தானை அழுத்திவிட்டேன். கதவைத் திறந்தால் விரிப்பு முழுக்கப் பழுப்பு நிறத் தீவு தீவாக இருந்தது. மேற்பார்வையாளர் திட்டவில்லை. ஒன்றை மடித்து என் கையில் கொடுத்து, "இதை நீயே சரி பண்ணிக் கொண்டு வா" என்றார். ஐந்து நாள் ஆயிற்று. கீழே சொல்வதெல்லாம் அந்த ஐந்து நாளில் கற்றதுதான்.

ரத்தத்தில் தண்ணீர் போக மிச்சம் பெரும்பாலும் புரதச் சமாச்சாரம். சூடு பட்டால் முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி வெந்து, நூலிழைக்குள் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். (எல்லோரும் முட்டையைத்தான் உதாரணம் காட்டுவார்கள். வேறு யோசித்துப் பார்த்தேன், இதைவிடப் பொருத்தமாக ஒன்றும் சிக்கவில்லை.) வெந்துவிட்டதைத் தேய்த்து எடுக்க முடியாது, நூல்தான் பஞ்சாகும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்க வைக்க வேண்டும். அதற்குத்தான் என்சைம் உள்ள சலவைத் தூள். பாக்கெட்டின் பின்னால் புரோட்டியேஸ் என்றோ, வெறுமனே என்சைம் என்றோ இருக்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், தூளைக் கரைத்து உறையை முழுக முக்கி ராத்திரி முழுக்க விடுங்கள். புதுக் கறை என்றால் வெதுவெதுப்பே கூடாது என்பேன், பச்சைத் தண்ணீர்தான். உங்களுடையது ஏற்கெனவே வெந்தாயிற்று, இனி வெதுவெதுப்பால் கெட ஒன்றுமில்லை.

காலையில் எடுத்து அலசிப் பாருங்கள். கறை பாதி வெளிறியிருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள், இன்னொரு ராத்திரி போடுங்கள். கடைசியாக ஒரு சாயம் மாதிரி நிற்கும் பாருங்கள், அங்கேதான் பெராக்சைடு. கறை மேல் மட்டும் சொட்டி, பத்து நிமிடம் விட்டு, ஒற்றி எடுத்து, அலசுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம், பெராக்சைடு முதலில் போனால் என்சைமின் வேலையைக் கெடுக்கும்.

கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரிப் பெட்டி பக்கம் போகக் கூடாது. ஈரத்தில் கறை தெரியாது, போய்விட்டது என்று நினைத்துத் தேய்த்துவிடுவோம். நிழலில் உலர்த்தி, உலர்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சால்வைக்கு இதில் ஒன்றுமே பொருந்தாது. கம்பளியும் புரதம், ரத்தமும் புரதம். எது கறை, எது சால்வை என்று என்சைமுக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் சேர்த்துத் தின்னும். பட்டுக்கும் இதே கதைதான். நல்ல வேளையாக அதற்கு வெந்நீர் காட்டவில்லை நீங்கள். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊற விட்டு, தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்றுங்கள். பிறகு கம்பளிக்கான மென்மையான திரவச் சோப்பை இரண்டு சொட்டு விரலில் எடுத்து அந்த இடத்தில் அழுத்தி அழுத்தி விடுங்கள். கசக்கினால் கம்பளி சுருங்கிக் கட்டியாகும், முறுக்கவும் கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டுப் பரப்பிக் காய வையுங்கள். நீலச் சாயம் என்பதால் பெராக்சைடு வேண்டாம்.

மெத்தை விஷயத்தை மெத்தை உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள். எனக்கு மெஷினுக்குள் போகிற சாமான்தான் பழக்கம்.

ஊசிநூல்:
மெத்தைக்கு நான் சொல்கிறேன். எதையும் ஊற்றாதீர்கள், உள்ளே இறங்கினால் நாற்றம்தான் மிச்சம். சோள மாவு, உப்பு, அந்தப் பெராக்சைடு மூன்றையும் களி பதத்துக்குக் குழைத்துக் கறை மேல் தடிமனாகப் பூசுங்கள். நன்றாகக் காயட்டும். காய்ந்ததும் கரண்டிக் காம்பால் சுரண்டி, பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். முடிந்தால் மெத்தையை நிமிர்த்தி வைத்து மின்விசிறி போடுங்கள்.

இன்னொன்று, தையல்காரியாகச் சொல்கிறேன். விரலில் ஊசி குத்தித் துணியில் ஒரு சொட்டு விழுந்தால், வெள்ளை நூலை வாயில் போட்டு நனைத்து, அதைச் சுருட்டி அந்தச் சொட்டின் மேல் ஒற்றுவேன். என் ரத்தத்துக்கு என் எச்சில். எச்சிலில் உள்ள என்சைம் ரத்தத்தைக் கரைத்துவிடும். 20 வருடமாக ஒரு துணியும் கெட்டதில்லை.

துவைகல்:
ஊசிநூல் அக்கா, கை வைத்தியம் சரி, காரணம்தான் இடிக்கிறது. எச்சிலில் முக்கியமாக இருக்கும் என்சைம் மாவுச்சத்தைச் செரிப்பது, புரதத்தை அல்ல. சொட்டு காயும் முன்னே ஈரம் காட்டி ஒற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் போகிறது. பச்சைத் தண்ணீரில் நனைத்த நூலாலும் போகும்.

ஊசிநூல்:
தைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்கு எழுந்து போய் வருவதற்குள் காய்ந்துவிடும் தம்பி. வாய் பக்கத்திலேயே இருக்கிறது.

மூக்குத்திப்பூ:
மூன்று நாள் கழித்து வருகிறேன். சால்வை தப்பித்தது. நான்கு முறை தண்ணீர் மாற்றினேன், கடைசித் தண்ணீர் தெளிந்துவிட்டது, இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. தலையணை உறை இரண்டு ராத்திரி ஊறி, இப்போது தேநீர் சிந்தித் துடைத்த மாதிரி ஒரு நிழல்தான் மிச்சம்.

ஆனால் பெராக்சைடு மக்கர் பண்ணுகிறது. உறையில் சொட்டினால் சும்மா தண்ணீர் மாதிரி நிற்கிறது, ஒரு நுரை இல்லை. மெத்தையில் பூசிய களியிலும் பொங்கவே இல்லை, கறை அப்படியே இருக்கிறது.

துவைகல்:
உறையில் நுரை வராதது ஆச்சரியமில்லை. ரத்தத்தில் கேட்டலேஸ் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனைக் கிளப்பி நுரைக்க வைப்பது. வெந்நீரில் அது செத்திருக்கும். நுரை இல்லாமலும் பெராக்சைடு கறையை வெளுக்கும், மெதுவாக.

மெத்தையில் பொங்காததுதான் இடிக்கிறது. அங்கே வெந்நீர் படவில்லையே! பாட்டில் எப்போது திறந்தது, எங்கே இருந்தது? ஒரு பச்சை உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய முகத்தில் ஒரு சொட்டு விடுங்கள். உருளைக்கிழங்கிலும் கேட்டலேஸ் உண்டு, நல்ல பெராக்சைடு என்றால் உடனே நுரைக்கும்.

மூக்குத்திப்பூ:
விட்டேன். ஒன்றுமில்லை, கிழங்கு நனைந்தது அவ்வளவுதான்.

திறந்து இரண்டு வருடம் இருக்கும். பழுப்புப் பாட்டில் மூடி உடைந்துபோனதால் நான்தான் ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன்.

துவைகல்:
அப்படியானால் மூன்று நாளாக வெறும் தண்ணீரைத்தான் குழைத்துப் பூசியிருக்கிறீர்கள். வெளிச்சம் பட்டால் அது தானாகவே தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துபோகும், அதற்காகத்தான் பழுப்புப் பாட்டில். புதிது வாங்குங்கள்.

மூக்குத்திப்பூ:
வாங்கியாயிற்று. மெத்தையில் வைத்ததும் சொரசொரவென்று பொங்கி, இரண்டாவது பூச்சில் கறை போய்விட்டது, ஓரத்தில் மட்டும் நீர் வளையம் ஒன்று. உறையில் இருந்த நிழலும் இல்லை. பழைய பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.