கண்காட்சி, திருவிழா மைதானங்களில் ராட்டினமும் பரிசு விளையாட்டுக் கடைகளும்: உரிமம் இடத்துக்கா, எந்திரத்துக்கா?

இரணியல் வாசகர்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேளாண் கண்காட்சி ஆனாலும், மண்டைக்காடு மாசிக் கொடை ஆனாலும், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா ஆனாலும், மைதானத்தின் ஒரு பக்கம் ராட்டினங்களும், அவற்றை ஒட்டி வளையம் எறிதல், பலூன் சுடுதல், டப்பா அடுக்கைப் பந்தால் தள்ளுதல் முதலான பரிசு விளையாட்டுக் கடைகளும் வந்துவிடுகின்றன. இவற்றை யார் சோதித்தார்கள் என்று கேட்டால், அனுமதி வாங்கியாயிற்று என்ற பதில்தான் கிடைக்கிறது. எதற்கான அனுமதி அது? நம் மாநிலத்தில் நெடுங்காலமாக அடிப்படையாக இருந்துவரும் 1888ஆம் ஆண்டுப் பொதுமக்கள் கூடும் இடங்கள் சட்டம், பெயருக்கேற்ப இடத்துக்கு உரிமம் தருவதற்காக எழுதப்பட்டது. கூட்டம் வெளியேற வழி உண்டா, தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு என்பவற்றை அது நன்றாகவே கவனிக்கும். ஆனால் ராட்டினம் இன்றைக்கு நாகர்கோவில் அனாதைமடம் மைதானத்தில் நிற்கும், அடுத்த மாதம் வேறொரு மாவட்டத்தில் நிற்கும். இடம் மாறும்போது அதன் பழுதும் வயதும் உடன் செல்கின்றன. காகிதம் மட்டும் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிப் பதிவு எண்ணும், ஒவ்வொரு விளையாட்டுக் கடைக்கும் தனி உரிமமும் வேண்டும் என்பது என் கோரிக்கை.

ராட்டினத் தொழிலாளி, அகஸ்தீஸ்வரம்

இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு மைதானத்தில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்து நாள். ஜெயன்ட் வீலையும், கப்பல் போல ஊசலாடும் கொலம்பஸையும் பூட்டி நிறுத்தவும், பிறகு கழற்றி ஏற்றவும் ஆகும் நாள்கள் தனி. போலீஸ், தீயணைப்பு, பொதுப்பணித் துறை, மின்சாரம் என்று இப்போதே பல மேசைகளுக்கு அலைகிறோம். இவற்றோடு இன்னொரு ஆய்வாளர் வந்து கையெழுத்திட வேண்டும் என்றால், அவர் வருவதற்குள் கொடியிறங்கிவிடும். நடுவில் இரண்டு நாள் மழை பெய்தால் தரை வாடகைகூடத் தேறாது.

விபத்து என்றாலே ஊர் சுற்றுகிற எங்களைத்தான் எல்லோரும் பார்க்கிறீர்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊஞ்சல் வகை ராட்டினம் முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். அது நிலையாக ஒரே இடத்தில் நின்ற எந்திரம். அலுவலகத்துக்கு அருகில், ஆண்டு முழுவதும் கண்ணெதிரே இருந்ததற்கே அந்த நிலை என்றால், எங்கள்மேல் புதிய உரிமத்தைச் சுமத்துவதால் மட்டும் என்ன பாதுகாப்பு வந்துவிடும்?

தக்கலைப் பொறியாளர்

அண்ணாச்சி சொல்வதில் பாதி முழு உண்மை. கடைசி நேரத்தில் மைதானத்துக்கு வந்து பார்க்கும் ஆய்வு போதாது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, 2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கண்காட்சியில் நடந்த விபத்து. அங்கே கண்காட்சி ராட்டினங்களைச் சோதிப்பது மாநில வேளாண் துறையின் பொறுப்பு. 'ஃபயர்பால்' என்ற அந்த எந்திரம் சோதிக்கப்பட்டு, ஓட்டலாம் என்று அனுமதிக்கப்பட்ட பிறகுதான் இருக்கைத் தொகுதி ஒன்று பிய்ந்து பறந்தது. 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். ஏழு பேர் காயமடைந்தனர். தாங்கும் உத்தரத்தின் உட்புறம் துரு அரித்து, தகட்டின் கனம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்ததாக அதைத் தயாரித்த நிறுவனமே பின்னர் அறிவித்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தால், உள்ளே தின்ற துருவை எந்த ஆய்வாளரின் கண்ணும் காணாது.

இதை நம் ஊரோடு பொருத்திப் பாருங்கள். மண்டைக்காட்டில் கடற்கரைக்குப் பக்கத்தில் உப்புக் காற்றில் நிற்கும் இரும்பு அது. ஆனி, ஆடி மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையுமாக இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் இது. குழாய் வடிவ உத்தரத்துக்குள் தண்ணீர் தங்கினால் அரிப்பு உள்ளிருந்து தொடங்கும். மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அளக்கலாம். சாயம் ஊடுருவவிட்டு வெல்டிங் இணைப்புகளில் முடி அளவு வெடிப்பையும் கண்டுபிடிக்கலாம். இவற்றைத் திருவிழாவுக்கு முந்தின இரவில் அவசரமாகச் செய்ய முடியாது. தொழில் ஓய்ந்திருக்கும் மழைக்காலத்தில், எந்திரத்தைக் கழற்றிப் போட்டிருக்கும்போது, ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் மைதானத்தில் மிஞ்சுவது அடித்தளம், பூட்டுமுள், இருக்கைத் தாழ்ப்பாள், மின்கசிவு ஆகியவற்றைப் பார்க்கும் அரை நாள் வேலைதான். நீங்கள் அஞ்சும் தாமதத்தை ஆண்டுச் சோதனை குறைக்குமே ஒழியக் கூட்டாது.

அந்த இளைஞரின் பெயரால் ஒஹையோவில் 2019இல் ஒரு சட்டம் வந்தது. எந்திரத்துக்கு நடந்த பழுதுபார்ப்புகளை உரிமையாளர் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இரணியல் நண்பர் கேட்கும் பதிவு எண்ணோடு இப்படி ஒரு புத்தகமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எண் வெறும் எண்ணாகவே இருக்கும்.

விளவங்கோடு வழக்கறிஞர்

ராட்டினம் பற்றி எனக்கு மறுப்பில்லை. விளையாட்டுக் கடைகளுக்கு உரிமம் என்பதை மட்டும் அடியோடு எதிர்க்கிறேன். 1930ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தின் 11ஆம் பிரிவு திறன் விளையாட்டுகளுக்கு விலக்கு அளிக்கிறது. வெற்றி பெரும்பாலும் திறனைச் சார்ந்திருந்தால் அது சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1957இல் கூறியது. 1968இல் ரம்மியைத் திறன் விளையாட்டு என்றும், மூன்று சீட்டைத் தற்செயல் ஆட்டம் என்றும் பிரித்துக் காட்டியது. ஆகவே படக் கட்டைகளைக் குவளையில் குலுக்கிக் கவிழ்க்கும் ஆட்டத்துக்கு, அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கிலுக்கிக்குத்து என்பார்களே, அதற்கு உரிமம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது குற்றம். நாளைக்கு 'அரசு உரிமம் பெற்ற கடை' என்று பலகை தொங்கினால், அந்தப் பலகைக்குப் பின்னாலேயே கட்டை உருளும். 2003இல் லாட்டரியை ஒழித்த மாநிலம் இது. எத்தனை கூலிக் குடும்பங்கள் அதனால் மூச்சுவிட்டன என்பதை நேரில் பார்த்த தலைமுறை நாங்கள். அந்தக் கதவை இம்மியளவும் திறக்கக் கூடாது.

இரணியல் வாசகர்

ஐயா, கட்டை உருட்டுக்கு உரிமம் கேட்கும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. திறன் விளையாட்டு என்ற பெயரில், திறனுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடும் கடையைப் பற்றித்தான் பேசுகிறேன். துப்பாக்கியின் குறிமுள் சற்றே வளைந்திருக்கும். பலூனில் பாதிக் காற்றுதான் இருக்கும். அடுக்கின் கீழ் டப்பாவில் மணல் நிரப்பப்பட்டிருக்கும். வளையம் சோப்புப் பெட்டியின்மேல் விழுமே தவிர, கடிகாரம் வைத்த கட்டையைச் சுற்றி இறங்கவே இறங்காது. பத்து வயதுப் பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அப்பனிடம் மறுபடியும் காசு கேட்கும். நீங்கள் சொன்ன 11ஆம் பிரிவின் பாதுகாப்பு இத்தகைய கடைக்கு ஏன் கிடைக்க வேண்டும்?

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. கடை திறக்கும் முன் கடைக்காரரே எல்லாப் பரிசுப் பொருள்களின்மேலும் வளையத்தைக் கையால் இறக்கிக் காட்டட்டும். டப்பாக்களைத் தராசில் வைக்கட்டும். ஆய்வாளர் துப்பாக்கியை ஒரு தாங்கியில் ஊன்றிச் சுட்டுப் பார்க்கட்டும். ஒரு ஆட்டத்துக்கு என்ன கட்டணம், எத்தனை வாய்ப்பு, எது பரிசு என்று தமிழில் பெரிதாக எழுதித் தொங்கவிடட்டும். ஒஹையோவில் கண்காட்சி விளையாட்டுக் கடைகளுக்கு உரிமம் தருவதும் அதே வேளாண் துறைதான். சூதாட்டத்துக்கு அங்கே அந்த உரிமம் கிடைக்காது.

குளச்சல் பக்கத்துத் திருவிழாக் குழு உறுப்பினர்

எல்லோரும் ஆய்வாளரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குழு மைதானத்தை ஒரே ஆளுக்கு மொத்தமாக ஏலத்தில் விடும். அவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். கடைசியில் வளையம் எறியும் கடைக்காரர் தலையில் விழும் தொகையை நேர்மையான ஆட்டத்தால் எடுக்கவே முடியாது. அந்த நெருக்கடியில்தான் டப்பாவுக்குள் மணல் போகிறது. ஏலத் தொகை ஆண்டுக்கு ஆண்டு உயர வேண்டும் என்று ஆசைப்படும் எங்களைப் போன்ற குழுக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். உள்வாடகையைத் தடுக்கும் நிபந்தனையை ஏலப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால், பாதி நோய் அங்கேயே தீரும்.

இன்னொன்றும் உண்டு. 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் மாவட்டம் புற்றிங்கல் கோயிலில் வெடி விபத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்களே, அங்கே போட்டி வெடிக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. மறுத்த காகிதம் இருந்தது. வெடித்ததைத் தடுக்க ஆள் இல்லை. எனவே எத்தனை உரிமம் என்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ராட்டினத்தை அந்த நிமிடமே நிறுத்தும் அதிகாரத்தோடு மைதானத்தில் யார் நிற்பார் என்பதைத் தீர்மானியுங்கள்.

ராட்டினத் தொழிலாளி, அகஸ்தீஸ்வரம்

பொறியாளர் சொன்ன ஆண்டுச் சோதனையைப் பற்றி எங்கள் ஆட்களிடம் பேசினேன். மழைக்காலத்தில், கழற்றிப் போட்ட இடத்தில் என்றால் மறுக்க மாட்டோம். ஆனால் அதற்காகச் சென்னைக்கு லாரி கட்டச் சொல்லாதீர்கள்; நாகர்கோவிலை அடுத்த கோணம் என்ற ஊரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது, கருவியோடு அங்கிருந்து ஆள் வரட்டும். இங்கே வாங்கிய சான்று குலசேகரப்பட்டினம் தசராவுக்கும் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கும் செல்ல வேண்டும். நிறுத்தும் அதிகாரத்தைத்தான் எங்களால் நம்ப முடியவில்லை. கூட்டம் நிறைந்த இரவில் ஒருவர் வந்து நிறுத்து என்றால், அவரை அனுப்பிவைக்க என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

தக்கலைப் பொறியாளர்

அந்த அச்சம் நியாயமானது. எந்தப் பாகம், என்ன பழுது என்று எந்திரத்தின் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கட்டும். எழுதாமல் நிறுத்தச் சொன்னால் நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை. பழுது சரியானதும் ஓட்ட அனுமதிக்கும் கையெழுத்தும் அதே பக்கத்தில் நேரத்தோடு விழ வேண்டும்.

இரணியல் வாசகர்

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பதிவு எண், புத்தகம், மழைக்கால ஆண்டுச் சோதனை, எழுத்து மூலமான நிறுத்த ஆணை, உள்வாடகைத் தடை ஆகியவை முதல் பகுதியில் வரும். பரிசு விளையாட்டுக் கடைகளுக்குத் தனி உரிமம் என்பதை இரண்டாம் பகுதியாக எழுதுகிறேன்.

விளவங்கோடு வழக்கறிஞர்

முதல் பகுதிக்கு என் கையெழுத்து உண்டு. சட்ட வாசகங்களையும் நானே திருத்தித் தருகிறேன். இரண்டாம் பகுதியில் 'உரிமம்' என்பதை எடுத்துவிட்டு, கடை திறக்கும் முன் சோதனை, விதிப்பலகை, மோசடி செய்தால் பறிமுதல் என்று மட்டும் எழுதினால் அதற்கும் கையெழுத்திடுவேன். உரிமம் என்று இருக்கும்வரை அந்தப் பக்கத்தில் என் பெயர் வராது.